இரும்பு மட்டையும் ஆடுவோன் திறனும்

"ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. தன் குறையைத் தான் கையாளும் பொருளின் மீது ஏற்றிக் கூறுவாரை எள்ளி நகையாட எழுந்தது அது. "வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்பது மற்றொரு பழமொழி. இரண்டும் உணர்த்தும் கருத்து ஒன்றே. திறமை ஆளிடம் உள்ளது, கருவியிடம் இல்லை என்பதே அது. இக்கருத்துப் பெரும்பாலும் உண்மையானதே. ஆயினும், கூடம் மெய்யாகவே கோணலாக இருந்துவிட்டால் யாது செய்வது? வல்லவன் கைக்கென்றே அமைந்த ஆயுதத்தை இன்னும் வல்லவனாகாத ஒருவனிடம் கொடுத்துவிட்டு, அவன் பிழைத்தபோதெல்லாம் அவனையே பழிப்பது நீதியாகுமா? நெடுங்காலம் இவ்வினாவை எழுப்பாமலே இருந்து, பின்னர் அதற்கு விடைகண்ட ஒரு விளையாட்டு உண்டு. அதுவே கோல்ஃப். அவ்விளையாட்டில் வழங்கும் இரும்பு மட்டைகளின் வரலாறு அவ்விடையைத் தேடிய வரலாறாகவும் அமைந்திருத்தல் நோக்கத்தக்கது.

கோல்ஃப் இலங்கையருக்கு முற்றிலும் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானிய வணிகரும் தோட்டத் துரைமாரும் அதனைக் கொழும்பிலும் நுவரெலியாவிலும் நிலைநாட்டினர். கொழும்பிலிருந்து அவிசாவளை நோக்கிச் செல்லும் களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதம் பொரளைப் பகுதியில் அவ்விளையாட்டுத் திடலினூடாகவே செல்வதால், பயணிகள் பலர் யன்னலூடாக அதனைக் கண்டிருப்பர். ஆட்டத்தின் விதி எளிது. சிறு பந்தொன்றை மட்டையால் அடித்து அடித்துச் சென்று, நூற்றுக்கணக்கான யார் தொலைவிலுள்ள சிறு குழியிலே வீழ்த்துதல் வேண்டும். இத்தகைய குழிகள் பதினெட்டு. குறைந்த அடிகளில் அவற்றை முடிப்பவரே வெற்றியாளர். தொடக்கத்தில் நெடுந்தூரம் அடிப்பதற்கு உதவுவது பெருந்தலை கொண்ட மட்டை. அதனை மர மட்டை என வழங்குவர். குழி அண்மையில் வந்தபின் பந்தை உருட்டுவதற்கு வேறொரு மட்டை உண்டு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவுகளையெல்லாம் கடப்பதற்கு உதவுவன இரும்பு மட்டைகளே. மட்டை முகத்தின் சாய்வு குறைந்தால் பந்து தாழ்ந்து நெடுந்தூரம் செல்லும். சாய்வு மிகுந்தால் உயர்ந்தெழுந்து அண்மையில் வீழும். இதுவே இரும்பு மட்டை வரிசையின் அடிப்படை.

கோல்ஃபின் தாயகம் ஸ்கொத்லாந்து. அந்நாட்டுப் பாராளுமன்றம் 1457ஆம் ஆண்டில், இரண்டாம் ஜேம்ஸ் மன்னன் காலத்தில், இவ்விளையாட்டைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. இளைஞர் விற்பயிற்சியைக் கைவிட்டுப் பந்தின் பின்னே திரிந்தமையே தடைக்குக் காரணம். ஆனால் 1502ஆம் ஆண்டில் நான்காம் ஜேம்ஸ் மன்னனே பேர்த் நகரிலுள்ள வில் செய்வோன் ஒருவனிடம் கோல்ஃப் மட்டைகள் வாங்கியமை அரச கணக்கேடுகளிற் பதிவாகியுள்ளது. விற்பயிற்சியைக் காக்கத் தடைசெய்யப்பட்ட விளையாட்டுக்கு, வில் செய்யும் கைகளே கருவி சமைத்தன என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. மரத்தை வளைத்தும் இழைத்தும் பழகிய கைகள் அவை. எனவே தொடக்ககால மட்டைகள் பெரும்பாலும் மரத்தாலேயே அமைந்தன.

இரும்பு அக்காலத்தில் ஒதுங்கி நின்றமைக்குப் பந்தே காரணமாயிற்று. தோலைத் தைத்து, அதனுள்ளே அவித்த இறகுகளை இறுக அடைத்துச் செய்த பந்து அது. அதனைச் செய்வதற்கு மிகுந்த உழைப்பு வேண்டும். கைதேர்ந்த தொழிலாளி ஒருவன் ஒரு நாளிற் செய்யத்தக்கவை ஒரு சிலவே. ஆகையால் அதன் விலையும் மிக அதிகம். இரும்பு சற்றுத் தவறிப் பட்டாலும் தோல் கிழிந்து இறகு சிதறிவிடும். வண்டித்தடத்திலோ, கல்லிலோ, மணலிலோ பந்து சிக்கிக்கொண்டபோது மாத்திரமே இரும்பு மட்டை வெளிவந்தது. இங்கிலாந்தின் ஹல் நகரில் அடைக்கப்பட்ட அறையொன்றினுள், 1741ஆம் ஆண்டுச் செய்தித்தாளொன்றோடு எட்டுப் பழைய மட்டைகள் கண்டெடுக்கப்பட்டன. பின்னர் ஸ்கொத்லாந்தின் ட்றூன் கழகத்தைச் சேர்ந்த அவ்வெட்டனுள் ஆறு மரத்தாலானவை, இரண்டே இரும்பு. அக்கால இரும்பு மட்டையின் நிலையை இவ்விகிதமே விளக்கும். அவற்றைச் செய்தவன் கொல்லன். கலப்பைக் கொழுவையும் வாயிற் கீலையும் அடித்த அதே சம்மட்டியால் இதனையும் அடித்தான். ஆகவே அவை பாரமும் முரட்டுத்தனமும் உடையனவாக இருந்தன.

இந்நிலையை மாற்றியது ஆசியாவில் வளர்ந்த ஒரு மரம். மலாயாக் காடுகளில் வளரும் கட்டாபேர்ச்சா என்னும் மரத்தின் பாலை 1840களில் ஐரோப்பியர் அறியலாயினர். சுடுநீரில் இளகி, ஆறியபின் இறுகும் இயல்புடைய அப்பாலினால் 1848ஆம் ஆண்டளவில் கோல்ஃப் பந்து செய்யப்பட்டது. அதன் விலை மலிவு. அது கிழியாது, வடிவம் கெட்டால் மீண்டும் சூடாக்கி உருட்டலாம். முதலில் வழுவழுப்பாகச் செய்த பந்துகள் சரிவரப் பறக்கவில்லை. இரும்பு மட்டையால் அடிபட்டு வடுவேறிய பழைய பந்துகளோ நேராகப் பறந்தன. இதனைக் கண்டவர்கள் புதிய பந்துகளையும் சுத்தியலால் கொத்தி வடுவேற்றத் தொடங்கினர். இறகுப் பந்துக்குப் பகையாக விளங்கிய இரும்பு இவ்வாறு புதிய பந்துக்கு நண்பனாயிற்று.

அதன்பின் இரும்பு மட்டைக்கு ஒரு பொற்காலம் பிறந்தது. சென் அன்ட்றூஸ் நகரைச் சேர்ந்த இளைய டொம் மொறிஸ் என்பார், 1868 தொடக்கம் 1870 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்தும், பின்னர் 1872இலும், பிரித்தானியப் பகிரங்கப் போட்டியில் வென்றவர். வண்டித்தடத்திலிருந்து பந்தை மீட்பதற்கென்றிருந்த சிறுதலை இரும்பைக் கொண்டு, பந்தை உயர எழுப்பிக் குழியருகே நிறுத்தும் அடியை அவர் வளர்த்தெடுத்தார். இருபத்துநான்கே வயதில், 1875ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று, அவர் காலமானார். அவர் காட்டிய வழி நிலைத்தது. கொல்லர்களுட் சிலர் இரும்பு மட்டை செய்வதையே தனித்தொழிலாகக் கொண்டனர். கிளீக், மாஷி, நிப்ளிக் என ஒவ்வொரு மட்டைக்கும் ஒவ்வொரு பெயர் வழங்கலாயிற்று.

அக்காலத்தில் மட்டைகளைத் தேர்ந்த முறை கவனிக்கத்தக்கது. பிடித்தண்டு அமெரிக்காவிலிருந்து வந்த ஹிக்கரி மரத்தாலானது. ஒரு தண்டுபோல் மற்றொரு தண்டு இராது. ஒன்று விறைப்பாக இருக்கும். ஒன்று வளைந்து கொடுக்கும். ஆடுவோன் கடையிலே பல மட்டைகளை எடுத்துக் கையில் ஏந்தி, அசைத்துப் பார்த்து, மனத்துக்கு இசைந்த ஒன்றை மாத்திரம் வாங்குவான். வரிசை முழுமையடையப் பல ஆண்டுகள் செல்லும். 1930ஆம் ஆண்டில் பிரித்தானிய, அமெரிக்கப் பெரும்போட்டிகள் நான்கினையும் வென்ற பொபி ஜோன்ஸ் இவ்வாறே தம் மட்டைகளைத் தேர்ந்தார். பிற்காலத்தில் அவற்றைக் கருவிகொண்டு அளந்தபோது, ஒன்று தவிர ஏனையவையெல்லாம் வீச்சுப் பாரத்தில் ஒத்திருந்தனவாம். ஒவ்வாத அந்த ஒன்றே ஆட்டக்காலம் முழுதும் அவருக்குத் தொல்லை தந்த மட்டை என்றும் கூறுவர். மேதையின் கை தராசு போன்றது. ஆயின் எல்லார் கையும் அத்தகையதன்று. பொருத்தம் பார்க்கும் அறிவு கையிலே இருந்தவரை அது வல்லவர்க்கு மாத்திரமே உரிய செல்வமாக இருந்தது.

அடுத்த மாற்றம் உருக்கினால் வந்தது. உருக்குத் தண்டினை அமெரிக்க அதிகாரபீடம் 1924இலும், சென் அன்ட்றூஸிலுள்ள அதிகாரபீடம் 1929இலும் அங்கீகரித்தன. உருக்குத் தண்டுகளை ஒன்றுபோலவே ஆயிரக்கணக்கில் ஆக்கலாம். எனவே தொழிற்சாலைகள் ஒன்றோடொன்று இசைந்த முழு வரிசைகளைச் செய்து விற்கத் தொடங்கின. மாஷி, நிப்ளிக் முதலிய பழைய பெயர்கள் மறைந்தன. இலக்கங்கள் அவற்றின் இடத்தைப் பெற்றன. வரிசை பெருகப் பெருகப் பையும் பெருத்தது. சிலர் இருபதுக்கும் மேற்பட்ட மட்டைகளைச் சுமையாட்களின் தோளில் ஏற்றினர். 1916ஆம் ஆண்டில் சிக் எவன்ஸ் என்பார் ஏழே மட்டைகளைக் கொண்டு அமெரிக்கப் பகிரங்கப் போட்டியில் வென்றதை எண்ணியோர் இதனைக் கண்டு முகஞ்சுளித்தனர். ஒருவர் கொண்டுசெல்லத்தக்க மட்டைகள் பதினான்கு மாத்திரமே என அமெரிக்காவில் 1938இலும் பிரித்தானியாவில் 1939இலும் விதி பிறந்தது.

இங்கே ஒரு பெரிய வழு நேர்ந்தது. புதிய வரிசையில் மட்டைகள் ஒன்றோடொன்று பொருந்தின, ஆளோடு பொருந்தவில்லை. நெட்டையனுக்கும் குட்டையனுக்கும், சம்பியனுக்கும் சனிக்கிழமை மாத்திரம் ஆடும் எழுதுவினைஞனுக்கும் ஒரே அமைப்பு. அவ்வமைப்போ சம்பியனின் கைக்கு உகந்தது. உருக்கை அடித்துத் தீட்டிய மெல்லிய தகடுபோன்ற அதன் தலையை அலகு என வழங்கினர். பாரம் முழுதும் நடுப்பகுதியின் பின்னே திரண்டிருக்கும். அந்நடுப்புள்ளியிலே பந்து பட்டால் கைக்கு இன்பம், பந்துக்கு வேகம். அரை அங்குலம் விலகிப் பட்டாலோ தலை திருகும், கை அதிரும், பந்து தூரமும் திசையும் இழந்து வீழும்.

வல்லவன் கையில் அவ்வலகு என்ன செய்யும் என்பதற்குச் சான்று பென் ஹோகன். 1949ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அவருடைய மோட்டார் வண்டி பேருந்தொன்றுடன் மோதியது. அவர் மீண்டும் நடப்பாரோ என்றே பலர் ஐயுற்றனர். 1950ஆம் ஆண்டு ஜூனில், அமெரிக்காவின் மெரியன் திடலில், நோகும் கால்களுடன் ஒரே நாளில் முப்பத்தாறு குழிகளை ஆடி, இறுதிக் குழியை அடைந்தார். எடுத்தது இலக்கம் 1 இரும்பு. வரிசையிலே மிகக் கடினமானதென எல்லாரும் அஞ்சும் மட்டை அது. பந்து பசும்புற்றரையிலே சென்று நின்றது. அதனால் அன்று சமநிலையில் முடித்து, மறுநாள் நடந்த தீர்வாட்டத்தில் வென்றார். அக்காட்சியின் நிழற்படம் உலகெங்கும் பரவியது. அதனைக் கண்டு இலக்கம் 1 இரும்பை வாங்கியோர் பலர் இருப்பர். ஆனால் ஹோகனின் கைகளை விற்கும் கடை எங்கும் இல்லை.

குறையைத் தன்மேல் மாத்திரம் ஏற்றாது கருவியிலும் தேடத் துணிந்தவர்கள் இடையிடையே தோன்றாமலில்லை. ஜீன் சரசன் என்னும் சம்பியன் மணற்பள்ளத்தில் தடுமாறுபவராக இருந்தார். மெல்லிய மட்டை மணலைக் கத்திபோல் வெட்டிக்கொண்டு ஆழச் சென்றமையே தடுமாற்றத்துக்குக் காரணம் என உணர்ந்தார். மட்டையின் அடிப்புறத்தில் ஈயத்தை உருக்கி ஒட்டித் தடிக்கச் செய்தார். அது மணலில் அமிழாது வழுக்கிச் சென்று, மணலோடு பந்தையும் தூக்கி எறிந்தது. 1932ஆம் ஆண்டு பிரித்தானியப் பகிரங்கப் போட்டியில் அவர் வெற்றிபெற அம்மட்டை உதவியது. மணலுக்கென அமைந்த மட்டை இன்று எல்லார் பையிலும் உண்டு. சம்பியன் ஒருவருக்கே கருவியைத் திருத்துவது இழுக்கன்று என்றால், ஏனையோருக்கு அது எவ்வாறு இழுக்காகும்?

இவ்வினாவை முழுமையாக எழுப்பியவர் சம்பியன் அல்லர், பொறியியலாளர் ஒருவர். நோர்வே நாட்டின் பேர்கன் நகரில் 1911இல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே அமெரிக்காவிற் குடியேறிய கார்ஸ்டன் சொல்ஹைம் என்பார், நாற்பது வயதைக் கடந்தபின்னரே கோல்ஃப் மட்டையைக் கையில் எடுத்தார். ஜெனரல் எலெக்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய அவர் தம் நண்பர்களோடு ஆடத் தொடங்கியபோது, குழியருகே பந்தை உருட்டுவதில் ஓயாது பிழைத்தார். பிறர் போலத் தம்மை நொந்துகொள்வதோடு அவர் அமையவில்லை, மட்டையை ஆராய்ந்தார். 1959இல் தம் வீட்டு மோட்டார்க் கொட்டிலில், பாரத்தை இரு ஓரங்களுக்கும் ஒதுக்கி ஒரு மட்டை செய்தார். பந்தைத் தட்டியபோது 'பிங்' என்று ஒலித்தமையால் அதற்கு அதுவே பெயராயிற்று. 1961இல் இரும்பு மட்டைகளிலும் அதே முறையைக் கையாண்டார். 1967இல் உத்தியோகத்தை விட்டு விலகி, மட்டை செய்வதையே முழுத்தொழிலாக மேற்கொண்டார்.

சொல்ஹைமின் தத்துவத்தை விளக்கக் காவுதடி ஒன்றே போதும். தடியின் நடுவிலே இரு குடங்களையும் நெருக்கிக் கட்டித் தோளில் வைத்தால், சிறு தள்ளலுக்கும் தடி சுழன்றுவிடும். அதே குடங்களை இரு முனைகளிலும் தொங்கவிட்டால், தடி எளிதிற் சுழலாது. பாரம் ஒன்றே, அது நிற்கும் இடந்தான் வேறு. மட்டைத் தலையின் நடுவிலிருந்த உருக்கைக் குடைந்தெடுத்து, அதனை ஓரங்களுக்கும் அடிப்புறத்துக்கும் மாற்றினால், பந்து நடுப்புள்ளியை விட்டு விலகிப் பட்டாலும் தலை அதிகம் திருகாது. பாரம் தாழ்ந்திருப்பதால் பந்து எளிதில் மேலெழும். பின்புறம் குழிந்த இம்மட்டையைக் குழிமுதுகு மட்டை எனலாம். பிழையை அது நீக்குவதில்லை. பிழைக்குரிய தண்டத்தைக் குறைக்கின்றது.

இத்தகைய நுணுக்கமான வடிவத்தைச் சம்மட்டியால் அடித்து ஆக்குவது அரிது. ஆதலால் சொல்ஹைம் 1969இல் வார்ப்பு முறையைக் கைக்கொண்டார். மெழுகில் உருவைச் செய்து, அதன்மேல் மண்போன்ற பூச்சுப் பூசி இறுகச்செய்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பது அம்முறை. பொலனறுவையிற் கண்டெடுக்கப்பட்ட நடராச வடிவங்களை வார்த்த சிற்பிகள் அறிந்திருந்த தத்துவமும் இதுவே. ஒரே அச்சிலிருந்து ஒரே அளவும் பாரமும் கொண்ட தலைகள் பல பிறந்தன. அழகு குறைந்தவை, தடித்தவை எனப் பழையோர் அவற்றைப் பழித்தனர். எனினும் வாங்குவோர் தொகை பெருகிற்று.

சொல்ஹைம் இன்னுமொரு படி சென்றார். 1972ஆம் ஆண்டில், ஆளின் உயரத்தையும் கை தரையிலிருந்து நிற்கும் உயரத்தையும் அளந்து, அதற்கேற்ப மட்டைத் தலையின் கோணத்தை மாற்றி, ஒவ்வொரு கோணத்துக்கும் ஒரு நிறப்புள்ளியிடும் முறையை வகுத்தார். வலக்கை ஆட்டக்காரன் ஒருவனுக்கு மட்டை அளவுக்கு மிஞ்சி நிமிர்ந்திருந்தால் அதன் நுனி மேலெழும். பந்து இடப்புறம் செல்லும். அளவுக்கு மிஞ்சிப் படிந்திருந்தால் வலப்புறம் செல்லும். ஆண்டுக்கணக்காகத் தன் வீச்சைத் திருத்த முயன்ற ஒருவனின் பிழை, உண்மையில் மட்டைக் கோணத்தின் பிழையாக இருந்திருக்கலாம். கூடம் மெய்யாகவே கோணலாக இருந்த இடம் இதுவே.

புதுமைக்கு எதிர்ப்பும் எழுந்தது. 1980களில் சொல்ஹைமின் மட்டை முகத்திலிருந்த சதுரவடிவக் கோடுகள் பந்துக்கு அளவுக்கு மிஞ்சிய சுழற்சியைத் தருகின்றன என்ற முறைப்பாடு தோன்றி, அதிகாரபீடங்களோடு நீண்ட வழக்காயிற்று. அமெரிக்க அதிகாரபீடத்துடன் 1990இலும், தொழில்முறை ஆட்டக்காரர் அமைப்புடன் 1993இலும் இணக்கம் ஏற்பட்டது. இத்தகைய பிணக்கு முதன்முறை எழுந்ததன்று. 1921ஆம் ஆண்டில் ஜொக் ஹச்சிசன் என்பார் ஆழ்கோடுகள் வெட்டிய இரும்புகளால் சென் அன்ட்றூஸில் வென்றபின் அவை தடைசெய்யப்பட்டன. 2010இலும் கோடுகளின் அளவுபற்றிய புதிய விதி நடைமுறைக்கு வந்தது. கருவி ஆளுக்கு உதவலாம்; ஆளின் இடத்தைக் கருவி பிடித்தல் ஆகாது என்பதே இவ்விதிகளின் உட்பொருள். அந்த எல்லைக்கோடு எங்கே என்பதில் மாத்திரமே கருத்து வேறுபாடு.

நெடுந்தூர இரும்புகளின் கதியையும் குறிப்பிடல் வேண்டும். ஹோகனுக்குப் புகழ் தந்த இலக்கம் 1 இரும்பு இன்று கடைகளிற் காண்பதற்கரிது. இலக்கம் 2, 3 ஆகியனவும் சாதாரண ஆட்டக்காரர் பைகளிலிருந்து மறைந்துவருகின்றன. மர மட்டையின் பருத்த தலையையும் இரும்பு மட்டையின் நீளத்தையும் இணைத்த கலப்பு மட்டை அவற்றின் இடத்தைப் பெற்றது. 2004ஆம் ஆண்டில், 1741ஆம் ஆண்டுச் செய்தித்தாளோடு கிடைத்த பழைய மட்டைகளைப் பெற்ற அதே ட்றூனில், டொட் ஹமில்டன் என்னும் அமெரிக்கர் பிரித்தானியப் பகிரங்கப் போட்டியில் வென்றார். தீர்வாட்டத்தின் இறுதிக் குழியில், பந்தைக் குழியருகே ஓடவிடுவதற்கு அவர் எடுத்தது கலப்பு மட்டையே. எளிதான கருவி எளியோர்க்கு மாத்திரம் உரியதன்று என்பது அன்று தெளிவாயிற்று.

இவ்வரலாற்றை அறிந்த ஒருவர் இன்று தமக்கேற்ற இரும்பு மட்டைகளைத் தேர்வது எங்ஙனம்? முதற்படி தம் திறனை உள்ளவாறு அறிதல். அதற்கு அளவுகோலாக இருப்பது ஹண்டிகப் என்னும் சலுகை எண். தேர்ந்த ஆட்டக்காரருக்கு அது பூச்சியத்தை அடுத்திருக்கும்; தொடக்கநிலையினருக்கு மிக உயர்ந்திருக்கும். 2020இல் நடைமுறைக்கு வந்த உலகப் பொதுமுறையில் அதன் உச்ச எல்லை 54. இவ்வெண் இருபதை எட்டியோ கடந்தோ நிற்பவர், அகன்ற அடிப்புறமும் ஆழ்ந்த குழிமுதுகும் தடித்த மேல்விளிம்பும் உடைய மட்டையைத் தேர்தல் நன்று. அகன்ற அடிப்புறம் மண்ணிற் புதையாது வழுக்கிச் செல்லும். தாழ்ந்த பாரம் பந்தை மேலெழுப்பும். நெடுந்தூர இரும்புகளுக்குப் பதிலாகக் கலப்பு மட்டைகளைக் கொள்வது அவருக்கு நலம் பயக்கும். பத்துக்கும் இருபதுக்கும் இடைப்பட்டவர்க்கு அளவான குழிமுதுகு பொருந்தும். எண் ஒற்றை இலக்கமாகி, பெரும்பாலான அடிகள் நடுப்புள்ளியிலேயே படும் நிலையை அடைந்தவரே அலகு மட்டையை நாடலாம். இவை பொதுவாகச் சொல்லத்தக்க எல்லைகளேயன்றி மாறா விதிகள் அல்ல. தொழில்முறை ஆட்டக்காரர் பலரும் குறுந்தூர மட்டைகளை அலகாகவும் நெடுந்தூர மட்டைகளைக் குழிமுதுகாகவும் கலந்து வைத்திருக்கின்றனர்.

தலையைப் போலவே தண்டும் கருத்திற்குரியது. வீச்சின் வேகம் குறைந்தவர்க்கும் முதியவர்க்கும் பாரங்குறைந்த, வளைந்து கொடுக்கும் காபன் நார்த்தண்டு உதவும். வேகமாக வீசுவோர்க்கு விறைப்பான உருக்குத் தண்டு ஏற்றது. கடையில் இலக்கத்தைக் கண்டு மயங்குதல் கூடாது. 1970களில் இலக்கம் 7 இரும்பின் சாய்வு பொதுவாக 35 பாகைக்கு மேற்பட்டிருந்தது. இன்று சிலவற்றில் 30 பாகைக்கும் குறைவு. புதிய மட்டையால் பந்து அதிக தூரம் சென்றது என மகிழ்பவர், உண்மையில் பழைய 6ஐயோ 5ஐயோ அடித்திருத்தல் கூடும். ஆகவே சாய்வுப் பாகையைக் கேட்டறிதல் வேண்டும். மட்டை முகத்தில் ஒட்டுத்தாள் ஒட்டிப் பத்து இருபது பந்துகளை அடித்துப் பார்ப்பதே சிறந்த சோதனை. அடிகள் பட்ட தடங்கள் ஓரிடத்திற் குவிந்திருக்கின்றனவா, சிதறியிருக்கின்றனவா என்பதை அத்தாள் காட்டிவிடும்.

சிலர் இதற்கு மறுப்புக் கூறுவர். அலகு மட்டை கடுமையான ஆசான். பிழையை உடனே கையில் உணர்த்தும். குழிமுதுகு மட்டை பிழையை மறைத்து ஆளைச் சோம்பேறியாக்கும் என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. நாள்தோறும் பயிற்சி செய்யும் இளைஞன் ஒருவனுக்குக் கடுமையான ஆசானாற் பயனுண்டு. ஆனால் வாரத்துக்கொருமுறை ஆடும் நடுவயதினர், ஒவ்வோர் அடியிலும் தண்டனை பெற்றால் கற்பதற்குமுன் மனமுடைந்து மட்டையைத் துறந்துவிடுவர். அரிவரி படிக்கும் சிறுவனிடம் உயர்வகுப்பு நூலைக் கொடுத்துவிட்டு, அவன் படிக்கவில்லை எனச் சினக்கும் ஆசிரியரை எவரும் போற்றார்.

மட்டைத் தேர்வில் உண்மையான தடை பணமோ அறியாமையோ அன்று, பெருமிதமே. டைகர் வூட்ஸ் அலகு மட்டை ஏந்தி வென்றதைக் கண்டவர், அதே வடிவைத் தம் பையிலும் காண விழைவர். தடித்த அடிப்புறமுடைய மட்டையைப் பிறர் காண எடுப்பது தம் குறையை விளம்பரப்படுத்துவதாகும் எனக் கருதுவர். ஆனால் நாற்பது வயதுக்குப் பின் ஆடக்கற்று, தாம் பிழைக்கின்றார் என்பதை வெட்கமின்றி ஒப்புக்கொண்ட ஒருவரே மட்டையின் பிழையையும் கண்டறிந்தார். தம் குறையை அவர் மறைத்திருந்தால், பிங் என்னும் ஒலி அக்கொட்டிலில் எழுந்திராது.

கூடம் கோணல் என்ற பழமொழி பொய்யாகிவிடவில்லை. ஆடத் தெரியாமை வேறு. கூடம் கோணலாயிருத்தல் வேறு. இரண்டையும் பிரித்தறிய ஒட்டுத்தாளும் அளவுகோலும் உண்டு. தம் ஆட்டத்தை உள்ளபடி அளந்தறிந்து, அதற்கேற்ற இரும்பைக் கையில் எடுப்பவர் அதன்பின் எஞ்சும் பிழைகள் தமக்கே உரியவை என அறிவர். அவற்றைத் திருத்தும் பயிற்சியை அப்போதுதான் நேர்மையோடு தொடங்குவர்.